பிபிஎக்ஸ்எஃப்: இரைச்சல் மிகுந்த நிறமாலைக்கு ஏற்ற கருவி

கேலக்ஸி ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது பிபிஎக்ஸ்எஃப் (pPXF) என்ற இந்த இலவச பைத்தான் நிரலைத்தான். கப்பெல்லாரியும் எம்செல்லமும் 2004-இல் வெளியிட்ட முறை இது. வெவ்வேறு வயதும் உலோகச் செறிவும் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு) கொண்ட விண்மீன் தொகுதிகளின் மாதிரி நிறமாலைகளுக்கு எடை கொடுத்துக் கூட்டி, நம் தரவோடு பொருத்திப் பார்க்கிறது.

இதன் உயிர்நாடி 'ரெகுல்' (regul) என்ற அளவுரு; எடைகள் எவ்வளவு மிருதுவாக மாற வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அதைப் பூஜ்யமாக விட்டால், விண்மீன் பிறப்பு வரலாறு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முட்களாய் நிற்கும். இரைச்சல் சற்று மாறினாலும் முட்கள் இடம்பெயரும். அதனால் முதலில் பூஜ்யத்தில் ஓட்டி, குறுக்கப்பட்ட கை-வர்க்கம் (தரவுக்கும் பொருத்தத்துக்கும் உள்ள விலகலின் அளவை, கை-வர்க்கத்தை, ஏறக்குறைய புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தது) 1 ஆகும்படி இரைச்சல் மதிப்பைச் சரிசெய்யுங்கள். பிறகு ரெகுலை மெல்ல ஏற்றுங்கள். நிறமாலைப் புள்ளிகளின் எண்ணிக்கையை இரட்டித்து வர்க்கமூலம் எடுத்தால் வரும் அளவுக்கு, வகுக்காத மொத்தக் கை-வர்க்கம் கூடியதும் நிறுத்துங்கள். தரவோடு முரண்படாத, ஆக மிருதுவான வரலாறு அதுதான்.

ஒன்று கவனம்: மிருதுவான வளைவு என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. குறுகிய காலப் பிறப்பு வெடிப்பும் அகன்றுதான் தெரியும். விண்மீன்களின் வயது 800 கோடி ஆண்டா, 1,200 கோடியா என்று பிரிப்பது எந்த நிரலுக்கும் கஷ்டம். எச்சங்களை, அதாவது தரவுக்கும் பொருத்தத்துக்கும் உள்ள வேறுபாடுகளை, கலைத்துப் போட்டுப் பலமுறை பொருத்திப் பார்க்காமல் எந்த வரைபடத்தையும் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

வேகம் அபாரம். சாதாரண மடிக்கணினியே போதும்.