ஹிப்போதெரபியா, குதிரையேற்றப் பயிற்சியா?

இரண்டிலும் சிறப்புத் தேவையுள்ள குழந்தை குதிரைமேல்தான் உட்காருகிறது. ஆனால் நோக்கம் வேறு.

ஹிப்போதெரபி, குதிரையின் அசைவைக் கொண்டு தரும் சிகிச்சை. அதை நடத்துபவர் பிசியோதெரபிஸ்ட் போன்ற ஒரு சிகிச்சையாளர். கடிவாளம் குழந்தையிடம் இருக்காது. ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்துவார், பக்கத்தில் ஆள் துணைக்கு வருவார். குதிரை நடக்க நடக்க, மேலே இருப்பவரின் இடுப்பு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசையும், லேசாகத் திரும்பவும் செய்யும். நாம் நடக்கும்போதும் இடுப்பு ஏறக்குறைய இப்படித்தான் அசைகிறது. அதனால்தான் பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு தடுமாறும் நிலை) உள்ள பிள்ளைகளுக்கு இது உதவுகிறது. இறுகிய தொடைகள் அந்தத் தாளத்தில் மெல்லத் தளரும். குதிரையை நிறுத்தி மறுபடி நடத்தினால், சமநிலைக்காக முதுகு தானே நிமிரப் பார்க்கும்.

குதிரையேற்றப் பயிற்சியில் ஆசிரியர் கற்றுத்தருவது சவாரி. திருப்புவதும் நிறுத்துவதும் குழந்தையின் வேலை. கவனமும் தன்னம்பிக்கையும் இதில் வளரும். டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தும், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார்.

உட்காரவே தடுமாறும் பிள்ளைக்கு முதலாவதையே சொல்வேன். டவுன் சிண்ட்ரோம் இருந்தால், எதுவானாலும் கழுத்துப் பகுதி முதுகெலும்பு உறுதியாக இருக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் பார்த்துவிடுங்கள்.