உப்புநீர் கலப்பைப் பார்க்க: எண்ணூரா, மீன் தொட்டியா, சாய்ந்த குழாயா?

கனத்த உப்புநீரும் லேசான நன்னீரும் எதிரெதிரே ஓடும்போது எப்படிக் கலக்கின்றன? வடசென்னை மாணவர் இதைப் பார்க்க நாலு வழி உண்டு. என் ஓட்டு சாய்ந்த குழாய்க்கு.

அசல் காட்சி எண்ணூர் முகத்துவாரம். ஐப்பசி, கார்த்திகையில் பூண்டி ஏரி மதகைத் திறந்தால் கொசஸ்தலை ஆறு நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கடல் ஏறும்போது உப்புநீர் அதற்கு அடியில் புகுந்து வரும். கோடையிலோ நன்னீர் வரத்தே கிடையாது. மழைக்காலத்திலும் காற்று, அலை, மணல்திட்டு, அனல்மின் நிலைய வெந்நீர் என்று பல கைகள் கலக்குகின்றன. எது எதனால் என்று பிரிக்க முடியாது. வேடிக்கை பார்க்கப் போகலாம், அவ்வளவுதான்.

கொளத்தூரில் நாலடி மீன் தொட்டி சுலபமாகக் கிடைக்கும். நடுவில் பலகை, ஒரு பக்கம் லிட்டருக்கு 35 கிராம் உப்பும் கொஞ்சம் கேசரிப் பவுடரும். நீர் 20 செ.மீ. ஆழம் இருந்தால், பலகையை எடுத்ததும் உப்புநீரின் முகப்பு நொடிக்குச் சுமார் 11 செ.மீ. வேகத்தில் தரையோடு ஓடும். ஐந்தாறு நொடியில் சுவரில் முட்டித் திரும்பிவிடும், ஆட்டம் முடிந்தது. பலகையை வெடுக்கென்று உருவினால் அந்தச் சுழல் வேறு. பள்ளிக் கண்காட்சிக்குத் தாராளமாகப் போதும்.

குழாய் விஷயம் வேறு. இரண்டு வாளி, ஒன்றில் உப்புநீர், மற்றதில் நன்னீர், இடையில் நீளமான சதுர அக்ரிலிக் குழாய். கிடையாக வைத்தால் இரண்டு நீரும் ஒன்றன்மேல் ஒன்று அமைதியாக வழுக்கிப்போகும். உப்புப் பக்கத்தைச் சற்றுத் தூக்குங்கள்: எல்லைக்கோட்டில் கூர்முனை அலைகள் எழும். இன்னும் தூக்கினால் கொந்தளிப்பு விட்டுவிட்டு வெடிக்கும். அதற்கும் மேலே போனால் ஓயாமல் கலங்கும், நடுவே தடித்த கலவை அடுக்கு நிற்கும். கேம்பிரிட்ஜில் மேயர், லிண்டன் என்ற ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட சோதனைகள் இந்தப் படிகளைத்தான் வகைப்படுத்தின. 20 லிட்டர் வாளிகளும் 5 செ.மீ. குழாயும் இருந்தால் ஓரிரு நிமிடம் ஓட்டம் நிற்காது. தொட்டியில் கிடைக்காதது இந்த அவகாசம்தான்.

நாலாவது வழி, கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது? நீரின் பாகுநிலை ஓட்டத்தின் வேகத்தைப் பரப்புவதோடு ஒப்பிட்டால் உப்பு சுமார் 700 மடங்கு மெதுவாகப் பரவும். அதனால் உப்பு இழைகள் மிகச்சிறிய சுழலைவிட ஏறக்குறைய 26 மடங்கு மெலிந்தவை. அதைப் பிடிக்க நீரை அவ்வளவு பொடிக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும், மடிக்கணினி தாங்காது. பலரும் 700-க்குப் பதில் 7 அல்லது 1 என்று வைத்து ஒப்பேற்றுகிறார்கள்.

குழாயிலும் குறை உண்டு: நாலு சுவரும் உராயும், எண்ணூருக்கு மூடி கிடையாது. முடிந்தவரை அகலக் குழாயாக வாங்குங்கள். வாளி இணைப்பில் சிலிக்கோன் பசையை ஒரு முழு நாளாவது காயவிடுங்கள்.