ஆர்.வி. பார்க்கா, மொபைல் ஹோம் பார்க்கா? வாங்குமுன் ஓர் அலசல்

அமெரிக்க நிலத் தரகர்களின் பட்டியல்களில் ஆர்.வி. பார்க்கும் (தங்கும் வசதியுள்ள பயண வண்டிகளை நிறுத்தும் இடம்) மொபைல் ஹோம் பார்க்கும் (தொழிற்சாலையில் கட்டிக் கொண்டுவந்து வைத்த வீடுகளின் குடியிருப்பு) அடுத்தடுத்தே இடம்பெறுகின்றன. இரண்டிலும் மனையும் மின், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளும்தான் வாடகைக்கு விடப்படுகின்றன என்பதால், இரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடும் தவறு எளிதில் நேர்ந்துவிடுகிறது.

60 மனைகள் கொண்ட இரண்டு பார்க்குகளைக் கற்பனை செய்துகொள்வோம். மொபைல் ஹோம் பார்க்கில் மாத வாடகை 450 டாலர் என்றும் 90 சதவீதம் நிரம்பியுள்ளது என்றும் கொண்டால், ஆண்டுக்கு 2,91,600 டாலர் வரும். எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போன்ற, கோடையில் மட்டும் கூட்டம் சேரும் பகுதியிலுள்ள ஆர்.வி. பார்க்கில் ஓர் இரவுக்கு 50 டாலர், 150 நாள் பருவம், 70 சதவீத நிரப்பு என்றால் 3,15,000 டாலர். இரண்டாவதே மேல் என்று தோன்றும். ஆனால் அங்கே முன்பதிவு, வரவேற்பு, கழிப்பறைத் துப்புரவு எல்லாம் அன்றாட வேலைகள். அது நிலவாடகையைவிட விடுதித் தொழிலுக்கே நெருக்கமானது. விற்பவரும் மனைவியும் சம்பளமின்றி உழைத்திருந்தால், கணக்கில் லாபமாகத் தெரிவதில் ஒரு பகுதி அவர்களுடைய கூலி. மேலாளருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் என்று செலவில் எழுதிச் சேர்த்தால், 9 சதவீத கேப் ரேட்டில் (ஆண்டு நிகர வருமானம் விலையில் எத்தனை சதவீதம் என்ற விகிதம்) பார்க்கின் மதிப்பு ஏறத்தாழ 5,55,000 டாலர் குறைந்துவிடும். விற்பவரின் கணக்கில் நான் முதலில் திருத்தச் சொல்வது இந்தச் சம்பளச் செலவைத்தான்.

மொபைல் ஹோம் பெயருக்குத்தான் நகரும் வீடு. அதை இடம் மாற்ற ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும் என்பதால் குடியிருப்பவர் எளிதில் வெளியேறுவதில்லை. முதலீட்டாளருக்கு அது பாதுகாப்பு. போக வழியில்லாத முதியவர்மீது வாடகையை ஏற்றிக்கொண்டே போவதை மட்டும் என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. ஆர்.வி. பயணியோ மறுநாள் காலையே கிளம்பிவிடுவார்; அதற்கு ஈடாக, ஜூலை வார இறுதிக்கு ஒரு கட்டணமும் செப்டம்பருக்கு வேறொன்றும் வைக்கலாம். டெக்சாஸின் ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில் குளிர்காலம் முழுவதும் தங்கும் வடமாநில முதியவர்களை நம்பிய பார்க்குகள் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன.

ஆர்.வி. பார்க்கில் பணத்தை விழுங்குவது பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் இருப்பவையே. பழைய பார்க்குகளின் 30 ஆம்பியர் இணைப்பு 3,600 வாட் மட்டுமே தரும். இரண்டு ஏசி பூட்டிய பெரிய வண்டிகள் கேட்கும் 50 ஆம்பியர் இணைப்பு 12,000 வாட் வரை தரும். மாற்ற வேண்டுமென்றால் புதைகேபிளிலிருந்து மின்மாற்றிவரை செலவு நீளும். வண்டிகளின் கழிவுத் தொட்டிகளில் பயணிகள் ஊற்றும் ரசாயனம் செப்டிக் டேங்கின் பாக்டீரியாவைக் கொன்றுவிடக்கூடும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கழிவுநீர்க் குழாய்களுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு விலை பேசவேண்டியதில்லை.