அரைக் கட்டை இறக்க ஒரு குமிழ்: வேரியாக்ஸ் ஜேடிவி-59 கிட்டார்

மெல்லிசைக் கச்சேரி மேடையில் பாடகர் திரும்பிப் பார்த்து, "தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டால், கீபோர்டு வாசிப்பவர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாக இருப்பார், கிட்டார்காரர் பாடுதான் திண்டாட்டம். கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வி சுருதியை ஏற்றத்தான் உதவும், இறக்க உதவாது. ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் பார் கார்டு பிடித்து ஓரளவு சமாளிக்கலாம் என்றாலும், திறந்த தந்திகளை நம்பி அமைந்த ஒரு முகப்பிசையை அப்படி நகர்த்தினால் அதன் உயிரே போய்விடும். லைன் 6 நிறுவனத்தின் ஜேம்ஸ் டைலர் வேரியாக்ஸ் வரிசையைச் சேர்ந்த ஜேடிவி-59, பல வகைக் கிட்டார்களின் ஒலியையும் சுருதியையும் கணிப்பொறிச் சில்லின் உதவியால் தானே எழுப்பும் கிட்டார். அதை நான் செகண்ட் ஹேண்டாக வாங்கியதற்கு அந்த அரைக் கட்டைதான் முதல் காரணம்.

2000களின் தொடக்கத்தில் வந்த முதல் வேரியாக்ஸ்களில், தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தப் பிக்கப்பே கிடையாது. 2010இல் அறிமுகமான இந்த வரிசையில், கிட்டார் வடிவமைப்பாளர் ஜேம்ஸ் டைலரின் கைவண்ணத்தோடு, வழக்கமான காந்தப் பிக்கப்புகளும் சேர்ந்துகொண்டன. ஜேடிவி-59 பார்வைக்கு மஹோகனி உடலும் இரண்டு ஹம்பக்கர்களும் (இரட்டைச் சுருள் காந்தப் பிக்கப்புகள்) கொண்ட சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார்தான். வித்தியாசம் உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் இருக்கிறது: ஒவ்வொரு தந்தியும் அமரும் சேடிலுக்குள், அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும் ஒரு பீசோ படிகம் இருந்து, அந்தத் தந்தியின் அதிர்வைத் தனியாகவே கணிப்பொறிச் சில்லுக்கு அனுப்புகிறது. காந்தப் பிக்கப் தந்தியின் நீளத்தில் ஏதோ ஓர் இடத்தின் அடியில் இருப்பதால், அந்த இடத்தில் அசையாமல் நிற்கும் மேற்சுரங்களை அது கேட்பதே இல்லை. தந்தியின் முனையிலேயே அமர்ந்திருக்கும் பீசோவுக்கு எல்லாம் கேட்கும். எனவே எந்தக் கிட்டாரின் எந்தப் பிக்கப் எதைக் கேட்காமல் விட்டிருக்கும் என்று கணக்கிட்டு, அவ்வளவையும் கழித்துவிட்டால் அந்தக் கிட்டாரின் குரல் கிடைத்துவிடும் என்பதே இதன் அடிப்படை.

இந்தக் கணக்கு வியக்கத்தக்க அளவுக்குப் பலிக்கிறது. எந்தக் கிட்டாரின் குரல் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மாடல் குமிழில் 'ஸ்பேங்க்' என்பது ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரையும் 'லெஸ்டர்' என்பது கிப்சனின் லெஸ் பால் கிட்டாரையும் குறிக்கும்; வணிகப் பெயரைச் சொல்லாமல் சொல்வதற்கு, லெஸ் பால் என்ற இசைக் கலைஞரின் இயற்பெயரையே எடுத்துக்கொண்ட குறும்பை நான் ரசித்தேன். ஸ்பேங்க்கில், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரு பிக்கப்புகள் சேர்ந்து எழுப்பும் அந்த மெல்லிய மூக்கொலி, மேடை ஆம்ப்பில் அசலிலிருந்து பிரித்தறிய முடியாதபடி வருகிறது. அசலின் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப்புக்கே உரிய இரைச்சலும் இல்லை. உடல் பாதி உள்ளீடற்ற செமி-ஹாலோ கிட்டார்களின் மாடல்களும் நன்றாகவே இருக்கின்றன. எலெக்ட்ரிக் சிதார் ஒலி ஒரு பாடலுக்கு இனிக்கும், இரண்டாவது பாடலிலேயே திகட்டிவிடும். பன்னிரண்டு தந்தி மாடல் மற்ற வாத்தியங்களின் கூட்டத்துக்குள் எடுபட்டாலும், உண்மையான பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் இணைத் தந்திகள் ஒன்றுக்கொன்று இம்மி பிந்தி மீட்டப்படுவதால் பிறக்கும் அந்தச் சலசலப்பு இதில் குறைவு. அக்கூஸ்டிக் மாடல்கள் பாடகரோடு சேர்ந்து தாளம் பிடிக்கத் தாராளமாகப் போதும்; தனியாக ஒரு மெட்டை வாசித்துக் காட்ட நான் அவற்றை நம்பமாட்டேன்.

மாடல் குமிழின் துணையாக இருப்பது சுருதிக் குமிழ். அரைக் கட்டை இறக்கம், டிராப் டி, டி-ஏ-டி-ஜி-ஏ-டி, ஓபன் ஜி வகைகள், வெகுவாகத் தாழ்ந்த பாரிடோன் என்று வெவ்வேறு சுருதி அமைப்புகளுக்கு அதைத் திருப்பத் திருப்ப, தந்தியைத் தொடாமலேயே கிட்டாரின் சுருதி மாறுகிறது. சுருதி மாற்றும் பெடல்கள் முழுக் கார்டையும் ஒரே குழம்பாக வாங்கி மாற்றுவதால்தான் தடுமாறுகின்றன. இங்கே ஆறு தந்திகளும் ஆறு தனி ஒலிகளாக வருவதால் கார்டு கலங்குவதில்லை. ஆனால், இது சுருதியைச் சரிசெய்யும் கருவி அன்று. ஒரு தந்தி விலகியிருந்தால், எந்தச் சுருதிக்குத் திருப்பினாலும் அந்த விலகலும் கூடவே வரும்.

இனிக் குறைக்கு வருகிறேன். வீட்டில், இரவு பத்து மணிக்குமேல், ஆம்ப்பை மெலிதாக வைத்து அரைக் கட்டை இறக்கி வாசித்துப் பாருங்கள். ஸ்பீக்கர் ஒரு சுருதியில் பாடும். மடியில் இருக்கும் மரமும் தந்தியும் அரைக் கட்டை மேலே பாடும். இரண்டும் காதில் மோதிக்கொள்ளும்போது பல் கூசுவது போன்ற அபசுரம் எழுகிறது. ஹெட்ஃபோன் மாட்டினாலும் உடல் வழியாகவும் விலா எலும்பு வழியாகவும் உண்மைச் சுருதி கசிந்துகொண்டே இருப்பதை, முதல் ஒரு மாதம் என்னால் பொருட்படுத்தாமல் இருக்க முடியவில்லை. டிரம்ஸ் முழங்கும் மேடையில் இந்தச் சிக்கல் முற்றிலும் மறைந்துவிடுகிறது. ஆனால் மேடைக்கும் அதன் விலை உண்டு: உரத்த ஆம்ப்பின் முன் நின்று ஸ்பீக்கரின் ஒலியே தந்தியை மீண்டும் அதிரவைக்கும் ஃபீட்பேக்கில் ஒரு சுரத்தை நீட்டி நிறுத்தும் வித்தை, சுருதியை மாற்றிய நிலையில் எதிர்பார்த்தபடி அமைவதில்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் சுரமும் தந்தியின் சொந்தச் சுரமும் வேறு என்னும்போது, அது இதை எப்படி அதிரச் செய்யும்? பாரிடோனில் இன்னொரு முரண்: காதில் கேட்பது கனத்த, தளர்ந்த ஒலி, விரலுக்குக் கிடைப்பதோ மெல்லிய தந்தியின் விறைப்பு. அவ்வளவு தொலைவு இறக்கும்போது மீட்டலின் கூர்மையும் சற்று மழுங்குகிறது.

வலக்கையும் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உள்ளங்கையைப் பிரிட்ஜில் வைத்துத் தந்தியை அடக்கும்போது, கை உரசுவதும் தட்டுவதும்கூடப் பீசோவுக்குக் கேட்பதால், நான் இப்போது கையை அரை விரல் அளவு முன்னே தள்ளி வைக்கிறேன். ஒலியைக் கரகரப்பாக்கும் பழைய ஃபஸ் பெடல்களோடு வாசித்து, கிட்டாரின் வால்யூமைக் குறைத்து ஒலியைத் துலக்கிப் பழகியவர்களுக்கு மாடல் ஒலி ஏமாற்றமளிக்கும். அந்தப் பெடல்கள் காந்தப் பிக்கப்போடு மின்வழியில் நேரடியாகப் பின்னிப் பிணைந்துதான் அப்படி நடந்துகொள்கின்றன. அதற்காக நான் காந்தப் பிக்கப்புக்கே மாறிக்கொள்கிறேன்.

அந்தக் காந்தப் பிக்கப்புகள்தாம் ஒரு திருமண வரவேற்பில் என் மானத்தைக் காத்தன. முந்தைய இரவு பேட்டரியைச் சார்ஜில் போட மறந்தது முழுக்க என் தவறு. பல்லவி முடிந்து அனுபல்லவி தொடங்கும் இடத்தில் மாடல் ஒலி அடங்கிப்போனது. காந்தப் பிக்கப்புக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால் பாட்டு நிற்கவில்லை, ஆனால் மெல்லிய அக்கூஸ்டிக் ஒலி இருந்த இடத்தில் ஹம்பக்கர் உறுமியதைக் கேட்டு டிரம்ஸ்காரர் என்னை முறைத்தார். அதே நிறுவனத்தின் ஹீலிக்ஸ் போன்ற எஃபெக்ட்ஸ் பலகை வைத்திருப்பவர்கள், நெட்வொர்க் கேபிள் போன்ற ஒரே கேபிளில் ஒலியையும் மின்சாரத்தையும் கடத்தி இந்தத் தொல்லையிலிருந்து தப்பலாம். பாடலுக்குப் பாடல் மாடலும் சுருதியும் காலடியிலிருந்தே மாறும் வசதியும் அதில் சேர்ந்து கிடைக்கிறது.

செகண்ட் ஹேண்டாக வாங்க நினைப்பவர்கள் வெளிப்பூச்சின் கீறல்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மாடல் ஒலியில் ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக, ஒரே விசையில் மீட்டுங்கள். ஒரு தந்தி மட்டும் மெலிந்தோ கரகரத்தோ ஒலித்தால் அதன் சேடிலைச் சந்தேகியுங்கள். பேட்டரியும் இந்தக் கிட்டாருக்கென்றே செய்யப்பட்டது, பெட்டிக்கடையில் கிடைக்கும் ரகம் அன்று. ஆகவே விற்பவரிடம் சார்ஜரோடு சேர்த்து இன்னொரு பேட்டரியும் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.