எடை குறைத்த பிறகு தோல் நீக்க ஆபரேஷனுக்குப் போகிறீர்களா? நான் ஏமாந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

தொங்கிய வயிற்றுத் தோலை எடுப்பதற்காக 2,40,000 ரூபாய் பேசினேன். கடைசியில் செலவானது மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. வயிற்று மடிப்பு இன்னமும் இருக்கிறது. அதற்கு நடுவே கோணலாக ஒரு வடுவும் சேர்ந்திருக்கிறது. இன்னொருத்தி இதே கதவைத் தட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் நான் 124 கிலோ. 2021-இல் இரைப்பையைச் சிறிதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். அதைச் செய்த மருத்துவமனை மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பதினான்கு மாதத்தில் 71 கிலோவுக்கு வந்துவிட்டேன். சர்க்கரை மாத்திரை நின்றது, மூட்டு வலி போனது. ஊரே பாராட்டியது. ஆனால் சேலை கட்டும்போது வயிற்றுத் தோலைச் சுருட்டி உள்பாவாடை நாடாவுக்குள் அடக்க வேண்டியிருந்தது யாருக்கும் தெரியாது. சித்திரை வெயிலில் மடிப்புக்குள் வியர்வை தேங்கித் தோல் வெந்துபோகும். பூஞ்சை வந்து, பவுடர் போட்டு, காட்டன் துணி வைத்து, ஆறியதும் மறுபடியும் வரும். "அதுதான் இளைச்சிட்டியே, இன்னும் என்ன?" என்பார்கள். பல வருடம் இழுபட்ட தோல் நடைப்பயிற்சியிலோ எண்ணெய் தேய்ப்பதிலோ சுருங்குவதில்லை. இது அழகு ஆசையும் இல்லை.

இந்த வெட்கத்தோடு யாரிடமும் பேசாமல் இருந்ததால்தான், கைபேசியில் வந்த விளம்பரத்தை நம்பினேன். 'வடு தெரியாது, மறுநாளே வீட்டுக்குப் போகலாம்' என்று போட்டிருந்தார்கள். கோவையில் முடி நடுதல், லேசர் எல்லாம் செய்கிற ஒரு கிளினிக். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் அரை மணி நேரம் பேசினார். டாக்டர் என்றே நினைத்திருந்தேன். எழுந்திருக்கும்போதுதான் கவுன்சலர் என்று தெரிந்தது.

"அக்கா, உங்களுக்குப் பெரிய டம்மி டக் எல்லாம் வேண்டாம். லைப்போவும் மினி டம்மி டக்கும் போதும். இந்த மாசம் மட்டும் ஆஃபர் இருக்கு. இன்ஷூரன்ஸ்ல க்ளெய்மும் பண்ணிக்கலாங்க" என்றார். லைப்போ என்றால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது, டம்மி டக் என்றால் வயிற்றுத் தோலை வெட்டி எடுத்துத் தைப்பது. அன்றைக்கே 75,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினேன். அது திரும்பக் கிடைக்காது என்பது ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலைதான் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்றார்கள், அதாவது இன்னும் 43,200 ரூபாய். பொதுவாக வைத்தியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அழகுக்கான சிகிச்சை என்று வகைப்படுத்தினால்தான் அது வரும். இன்ஷூரன்ஸ் என்று சொல்லி வரவழைத்தவர்கள், பில்லில் எழுதியது 'காஸ்மெட்டிக்' என்று. பாலிசியில் காஸ்மெட்டிக் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று தெளிவாகவே இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு, அல்லது உடலுக்கு உடனடி ஆபத்தை நீக்க அவசியம் என்று மருத்துவர் சான்று கொடுத்த சிகிச்சை, இவற்றுக்கு மட்டும்தான் பணம் கிடைக்கும். என் பூஞ்சைப் புண்களுக்குத் தோல் டாக்டரிடம் போன சீட்டுகளை முன்பே சேர்த்து வைத்திருந்தால் கேட்டுப் பார்க்கவாவது வழி இருந்திருக்கும்.

ஆபரேஷன் செய்தவரை நான் முதன்முதலில் பார்த்தது கவுன் மாட்டிக்கொண்டு நின்றபோது. பேனாவால் வயிற்றில் கோடு போட்டார். எடை நிலையாக நின்று எத்தனை மாதம் ஆகிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் சாப்பிடுகிறீர்கள், இரும்புச்சத்து மாத்திரை போடுகிறீர்களா என்று ஒரு கேள்வி இல்லை. அந்த மாதம்கூட எனக்கு இரண்டு கிலோ இறங்கியிருந்தது. நான்கு பக்க ஆங்கிலப் படிவத்தை நீட்டினார்கள். தியேட்டர் வாசலில் நின்று யார் படிப்பார்கள்? கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே டிஸ்சார்ஜ். ரத்த நீர் வடிவதற்காக வயிற்றில் வைத்த டிரெயின் குழாயை மூன்றாம் நாள் போய் எடுத்துக்கொண்டு வந்தோம். அன்று காலைகூட பாட்டிலில் பாதிக்கு மேல் ரத்த நீர் இருந்தது. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகுதான் வழக்கமாக எடுப்பார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆறாம் நாள் வயிறு தண்ணீர் பாக்கெட்டைக் கட்டிவிட்ட மாதிரி தளும்பியது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "நார்மல்தான் அக்கா, பெல்ட்டை இறுக்கிப் போடுங்க" என்று பதில். பதினோராம் நாள் காய்ச்சல் 102. நடுத்தையல் பிரிந்து துணியெல்லாம் நனைந்தது. என் வீட்டுக்காரர் மாற்றி மாற்றிப் போன் போட்டார். டாக்டர் வேறு ஊரில் இருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். அன்று வெள்ளிக்கிழமை.

இரவோடு இரவாக வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த பிளாஸ்டிக் சர்ஜன், தோலுக்கு அடியில் கோத்திருந்த நீரை எடுத்துவிட்டுக் கேட்டார், "ஏம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் பார்க்கலையா?"

"சர்க்கரையும் ரத்தம் உறையுற நேரமும் பார்த்தாங்க சார்."

ஹீமோகுளோபின் 8.4. ரத்தத்தில் இருக்கிற ஆல்புமின் என்ற புரதமும் குறைவு. இரைப்பையைச் சிறிதாக்கிக்கொண்டவர்களுக்கு இரும்பும் புரதமும் பி12-உம் குறைவது சகஜம். அந்த நிலையில் வெட்டினால் தையல் பிடிக்காது. எடை குறைப்புக்கான (பேரியாட்ரிக்) ஆபரேஷன் முடிந்து ஒன்றிலிருந்து ஒன்றரை வருடம், அதிலும் எடை ஏறாமல் இறங்காமல் சில மாதம் நின்ற பிறகே தோலில் கை வைக்க வேண்டும் என்றார்.

அவர் சொன்ன இன்னொன்றைத்தான் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். லைப்போ கொழுப்பைத்தான் உறிஞ்சும், தோலை எடுக்காது. ஏற்கெனவே தொங்குகிற தோலுக்கு அடியில் இருக்கிற கொஞ்சக் கொழுப்பையும் எடுத்தால் அது இன்னும் தொங்கும். மினி டம்மி டக் என்பது தொப்புளுக்குக் கீழே கொஞ்சம் தளர்ந்தவர்களுக்கு. ஐம்பது கிலோ குறைத்தவருக்கு ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை வெட்ட வேண்டும், சிலருக்கு மேலிருந்து கீழாகவும். அந்த வடு மங்குமே தவிர போகாது. வடு தெரியாது என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அது பொய்.

புண் மூட ஒன்பது வாரம் ஆனது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங். அதற்கு மட்டும் 62,000 ரூபாய். என்னால் குனிய முடியாது என்று மகள்தான் கால் கழுவிவிடுவாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை.

படுத்துக்கொண்டே தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் அந்த டாக்டரின் பெயரைத் தேடினேன். எம்.பி.பி.எஸ். மட்டும்தான் இருந்தது. போர்டில் 'காஸ்மெட்டிக் சர்ஜன்' என்று போட்டிருந்ததற்கு ஏதோ குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழ்தான் காரணம். பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் எம்.சிஎச். அல்லது டி.என்.பி., டி.ஆர்.என்.பி. என்று ஒரு மேல்படிப்புப் பட்டம் இருக்கும், பிளாஸ்டிக் சர்ஜரி என்று பாடமும் சேர்ந்து இருக்கும். இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நான் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் பார்த்திருக்க வேண்டிய ஐந்து நிமிடம். கூடவே, ராத்திரியில் தையல் பிரிந்தால் யார் வருவார், உங்களிடம் ஐ.சி.யூ. இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேஸ் ஷீட்டை, அதாவது உங்கள் சிகிச்சைக் குறிப்புகளை, எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் வருட மருத்துவ ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. எனக்கு முதலில் தர மறுத்தார்கள். விதியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் அனுப்பியதும் தந்தார்கள். அதில் என் எடை இருந்த இடம் காலியாக இருந்தது. வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், புண்ணைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தேன். காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கிளினிக் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். நான் ஈரோட்டில் போட்டிருக்கிறேன். இரண்டு வாய்தா முடிந்திருக்கிறது.

பணம் இல்லை என்று மலிவான இடத்தைத் தேடுகிறவர்கள், முதலில் அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டுங்கள். சென்னையில் ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டி வரலாம். ஆனால் வெட்டுகிறவர் யார் என்று தெரியும்.

எனக்கு முழு ஆபரேஷன் இனிமேல்தான். ஹீமோகுளோபின் 12-க்கு வரட்டும், அதுவரை கத்தியைத் தொட மாட்டேன் என்று புது டாக்டர் சொல்லிவிட்டார். போன வாரம் பார்த்தேன், 11.2.