காதுக்குள் ஒளியும் மெஷினா, காதுக்குப் பின்னால் உட்காரும் மெஷினா?

அப்பாவுக்குக் காது மெஷின் வாங்குவதென்று முடிவானதும் வீட்டில் முதலில் எழுந்த கேள்வி விலை அல்ல, "வெளியே தெரியுமா?" என்பதுதான். எங்கள் முன்னால் இருந்தவை இரண்டு. காதுத் துளைக்குள் முழுசாகப் போய் ஒளிந்துகொள்ளும் சின்ன மெஷின் ஒன்று, சிஐசி என்பார்கள். இன்னொன்று பிடிஇ. காதுமடலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு டியூப் வழியாகக் காதுக்குள் இருக்கும் மோல்டுக்கு (காதுக்கு அச்செடுத்துச் செய்த அடைப்பு) சத்தத்தை அனுப்பும் வகை. நாங்கள் பிடிஇ வாங்கினோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

அப்பாவுக்கு 74 வயது. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் வீடு, ஆயுசுக்கும் ரப்பர் பால்வெட்டு. இப்போதும் வீட்டை ஒட்டிய மரங்களில் அவரேதான் பால் வெட்டுகிறார். காது மந்தம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "எனக்கு நல்லா கேக்கும் மக்களே, நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுதிய" என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. வயதால் வரும் கேள்விக்குறைவில் (காது மந்தத்தில்) முதலில் போவது கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகள். உயிரெழுத்தின் சத்தம் வந்து சேர்ந்துவிடும். க, ச, த, ப இவற்றின் கூர்மை தேய்ந்துவிடும். தட்டு, பட்டு, கட்டு மூன்றும் ஒன்றாகவே கேட்கும். அவருடைய ஆடியோகிராமும் (எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) அப்படித்தான் வந்தது. 500 ஹெர்ட்ஸ் வரை சுமாராகப் போய், 2000-ஐத் தாண்டியதும் சரேலென்று சரிவு.

மெஷின் கடைக்குப் போகுமுன் இஎன்டி டாக்டரிடம் காட்டுவது அவசியம். நாங்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டினோம். குறும்பி அடைத்திருந்தாலே கேட்கும் திறன் பாதி போயிருக்கும். அதை எடுத்துவிட்டுத்தான் டெஸ்ட் பார்க்க வேண்டும். காதில் சீழ் வடிகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. சவ்வில் ஓட்டை, ஈரம், அதன்மேல் காதை அடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் என்றால் சீழ் கூடும், மெஷினும் கெடும். அவர்களுக்குக் காற்றுத் துளை வைத்த மோல்டோடு பிடிஇதான், அதுவும் டாக்டர் சரி என்ற பிறகு.

வெளிப்படையான விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அழகில் சிஐசி ஜெயிக்கும். கண்ணாடியோடும் மாஸ்க்கோடும் சண்டை போடாது, போனைச் சாதாரணமாகக் காதில் வைத்துப் பேசலாம். பிடிஇயில் இடம் அதிகம். அதனால் பவர் அதிகம், செல் (பேட்டரி) பெரிசு, இரண்டு மைக் வைத்து முன்னால் இருப்பவரின் பேச்சைத் தனியாகப் பிடிக்க முடியும். சிஐசியில் பெரும்பாலும் ஒரே மைக். மைக்கும் ஸ்பீக்கரும் ஒட்டி இருப்பதால் சத்தத்தைக் கூட்டினால் விசில் அடிக்கும் வாய்ப்பும் அதிகம். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் பிடிஇ பக்கமே கை போகும்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று கொஞ்சம் தேடினேன். கடைக்காரர்கள் அடிக்கடி காட்டுவது மறதி நோய் சம்பந்தப்பட்ட ஆய்வை. 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை வைத்து அமெரிக்காவில் 3 வருடம் நடந்த 'அச்சீவ்' ஆய்வு அது. 2023-ல் லான்செட் இதழில் வந்தது. மொத்தக் கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, மெஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நினைவு, சிந்தனை குறைகிற வேகத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும் அந்தத் தேய்வு 48 சதவீதம் குறைந்திருந்தது. கடை நோட்டீஸில் இரண்டாவது வரி மட்டும்தான் இருக்கும்.

எனக்கு அதைவிடச் சுவையாக இருந்தது 2017-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஒரு சோதனை. 154 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆடியாலஜிஸ்ட் (காதைச் சோதித்து மெஷின் பொருத்தும் நிபுணர்) முறையாகப் பொருத்திக் கொடுத்த மெஷின். அடுத்த குழு தாங்களே எடுத்துப் போட்டுக்கொண்டது. மூன்றாவது குழுவுக்கு அதே மெஷின், ஆனால் சத்தத்தைக் கூட்டவே கூட்டாது. அது கூட்டாது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. கடைசியில் "இதைக் காசு கொடுத்து வாங்குவீர்களா?" என்று கேட்டதற்கு, ஆடியாலஜிஸ்ட் பொருத்தியவர்களில் 81 சதவீதம் பேர் சரி என்றார்கள், தாங்களே போட்டவர்களில் 55 சதவீதம். வேலையே செய்யாத மெஷினைப் போட்டிருந்தவர்களிலும் 36 சதவீதம் பேர் வாங்குகிறோம் என்றார்கள்! கடையில் ஏசி அறையில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்து "பிரமாதமா கேக்குது" என்று அப்பா சொன்னால், அந்த 36 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், அடுக்களைச் சத்தத்தில், டிவி ஓடும்போது போட்டுப் பார்க்கவிடும் இடத்தில்தான் வாங்க வேண்டும். நாகர்கோவிலில் நாங்கள் ஏறிய முதல் கடை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "சிஐசி போட்டா பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருப்பிய" என்று அப்பாவிடம் ஆசை காட்டினார்களே தவிர, செல்லை எப்படி மாற்றுவது என்று ஒரு தடவைகூட அவர் கையில் கொடுத்துக் காட்டவில்லை.

அந்த இரண்டு ஆய்வும் வடிவத்தை ஒப்பிட்டவை அல்ல. எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறு கேள்வி: வாங்கிய மெஷினை ஏன் பலர் போடுவதே இல்லை? 2013-ல் மெக்கார்மக், ஃபோர்ட்னம் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பயன் இல்லை, காதில் சரியாக உட்காரவில்லை, உறுத்துகிறது என்பவை முன்னால் நின்றன. பராமரிக்கவும் கையாளவும் கஷ்டம் என்பதும் அந்த வரிசையில் இருந்தது. நம் மாவட்டத்தில் இந்தக் கடைசிக் காரணத்தை மேலே கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி.

சிஐசிக்குப் பெரும்பாலும் 10-ம் நம்பர் செல், மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியது. விட்டம் 6 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. பிடிஇக்கு 13, ஆரஞ்சு ஸ்டிக்கர், 8 மில்லிமீட்டருக்குப் பக்கம். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வருடக்கணக்கில் வெட்டுக்கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல் நுனியில் அந்த மஞ்சள் செல்லை வைத்து, நகக்கண் அளவுக் கதவைத் திறந்து, பிளஸ் பக்கம் பார்த்துப் போடச் சொன்னால் தெரியும். அப்பா போட்டுப் பார்த்தார். செல் கீழே விழுந்து உருண்டது. வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் இது இன்னும் பயம்; பட்டன் செல்லை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மஞ்சள் செல் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஓடும், ஆரஞ்சு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம். ஆக, சின்ன செல்லோடு மல்லுக்கட்டும் வேலை இரட்டிப்பு.

இந்த செல்கள் காற்றைக் குடித்து ஓடுபவை, ஜிங்க்-ஏர் வகை. ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போகும்; ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே வைத்துவிட்டுப் போட வேண்டும். உரித்த பிறகு மெஷினை அணைத்து வைத்தாலும் செல் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். காற்றோடு ஈரமும் போகும் என்பதுதான் நமக்குள்ள தலைவலி. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு. இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. ரப்பர் ஷீட்டே பூசணம் பிடிக்கிற ஈரத்தில் மெஷின் மட்டும் தப்புமா? அதோடு விடியற்காலையில் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு மரம் மரமாக ஓடும் ஆளின் வியர்வை வேறு.

ஈரமும் குறும்பியும் இரண்டு வகையையும் தாக்கும். வித்தியாசம், எதை நாமே சரிசெய்ய முடியும் என்பதில். பிடிஇயில் காதுக்குள் போவது வெறும் மோல்டும் டியூபும்; கரண்ட் சாமான் எதுவும் அங்கே கிடையாது. டியூபில் நீர்த்துளி கோத்துச் சத்தம் அடைத்தால், மெஷினைக் கழற்றிவிட்டுக் கையடக்க ரப்பர் பம்பால் ஒரு அமுக்கு, துளி வெளியே வந்துவிடும். மோல்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, இரவெல்லாம் உலரவிட்டு, காலையில் மாட்டலாம். டியூப் சில மாதத்தில் மஞ்சளாகி விறைத்துப்போகும், ஆடியாலஜிஸ்ட் அதை மட்டும் மாற்றித் தருவார், செலவு கம்மி. சிஐசியில் ஸ்பீக்கரே காதுத் துளைக்குள், குறும்பிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் பட விடக்கூடாது, துடைக்கத்தான் முடியும். ஸ்பீக்கரின் வாயில் பொத்தான் போல ஒரு குறும்பித் தடுப்பு இருக்கும், அதைக் குச்சியால் கழற்றி மாற்ற வேண்டும். அடைப்பு உள்ளே போய்விட்டால் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். காதுத் துளை வயதோடு கொஞ்சம் அகன்றாலும் சிஐசியின் கூட்டையே மறுபடி செய்ய வேண்டும். பிடிஇக்கு மோல்டு மட்டும் புதுசு.

எந்த வகையானாலும் ராத்திரி செல் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவில் வைப்பதை விட்டுவிடாதீர்கள். ஜெல்லின் நிறம் மாறினால் மாற்றவோ காயவைக்கவோ வேண்டும். ஐபி68 (தூசியும் தண்ணீரும் தாங்கும் என்பதற்கான குறியீடு) என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பிக் குளிக்கப் போகவும் வேண்டாம். அது ஆய்வகத்தில் நல்ல தண்ணீரில் பார்த்த சோதனை. வியர்வையின் உப்பும் குளச்சல் கடல் காற்றின் உப்பும் அதில் கணக்கில்லை.

சிஐசிக்கு ஒரு இடத்தில் மட்டும் முழு மார்க் கொடுக்கத் தயார்: காற்று. பிடிஇயின் மைக் மடலுக்கு மேலே வெளியில் இருப்பதால் காற்று நேராக அடித்து இரைச்சல் போடும். சிஐசிக்குக் காதுமடலே மறைப்பு. எங்கள் பக்கம் தோட்டத்துக்குள் காற்று அவ்வளவு இல்லை, அதனால் இதை அனுபவத்தில் சொல்ல எனக்குத் தகுதி கம்மி. ஆனால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே குடியிருப்பவரோ, வள்ளத்தில் போகிறவரோ இதே கணக்கைப் போட்டால் விடை மாறலாம். கேள்விக்குறைவு லேசாக இருந்து, விரலும் கண்ணும் நன்றாக இருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் சிஐசி மோசமில்லை.

மூன்றாவதாக ஒன்று கடையில் தள்ளுவார்கள்: மெல்லிய கம்பியோடு, ஸ்பீக்கர் மட்டும் காதுக்குள் போகும் ஆர்ஐசி, சார்ஜ் பண்ணுகிற வகை. செல் மாற்றும் தொல்லையே இல்லை. அப்பா மாதிரி விரல் உள்ளவர்களுக்கு அது சரிதான் என்று எனக்கும் தோன்றியது. தடுத்தது இரண்டு. ஸ்பீக்கர் மறுபடியும் குறும்பிக்குள். இன்னொன்று 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஞாபகம். ஆரஞ்சு செல் ஆறு அடங்கிய ஒரு அட்டை பீரோவில் இருந்தால் மாதக்கணக்கில் கவலையில்லை. சார்ஜ் வகையின் பேட்டரி நம் ஈரத்தில் எத்தனை வருடம் தாங்கும் என்பதை வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பிற்பாட்டுக்கு ஒரு வார்த்தை. சிஐசி ஒருவர் காதுக்கு அச்செடுத்தது, அவரோடு அதன் கதை முடிந்தது. பிடிஇயை வேறொருவரின் ஆடியோகிராமுக்கு மாற்றி புரோகிராம் செய்து, புது மோல்டு போட்டால் இன்னொருவர் பயன்படுத்தலாம். விலைக்கு விற்க ஆள் கிடைப்பது கஷ்டம். சொந்தத்தில் கொடுக்க ஆள் கிடைக்கும். காசு கொடுத்து வாங்க வழியில்லாதவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் கொடுக்கும் மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலமும் மெஷின் இலவசமாகக் கிடைக்குமா என்று நாகர்கோவிலில் உள்ள மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழும் வருமானச் சான்றும் கேட்பார்கள். கையில் புது ஆடியோகிராம் இருக்கட்டும்.