படகு கராஜுக்கான லித்தியம் பேட்டரி கேபினெட்: வாங்கலாமா?

ஈ-ஃபாயில், ஜெட் போர்டு, சீ ஸ்கூட்டர் போன்ற பேட்டரியில் ஓடும் நீர் விளையாட்டுச் சாதனங்களைக் கராஜில் (படகுக்குள் அவற்றை நிறுத்தும் அறையில்) வைத்திருக்கும் உல்லாசப் படகுகளுக்கென்று, அவற்றின் பேட்டரிகளை வைக்க ‘90 நிமிடம் தீ தாங்கும்’ என்ற முத்திரையோடு இரும்பு கேபினெட்டுகள் விற்கிறார்கள். வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அந்த 90 நிமிடம் வெளியே எரியும் தீக்கா, உள்ளே எரியும் தீக்கா?

பல கேபினெட்டுகளின் சான்றிதழில் ஈஎன் 14470-1 என்றிருக்கும். அது தின்னர் மாதிரி எரியும் திரவங்களை வைக்கும் அலமாரிக்கான தரம். வெளியே தீ மூட்டி, உள்ளே வெப்பம் தொடக்க நிலையிலிருந்து 180 டிகிரி கூட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். பேட்டரி விஷயத்தில் தீ உள்ளிருந்து கிளம்புகிறது.

காற்றுத் துளைகளில்தான் பெரிய சிக்கல். அந்தத் தரப்படி சுமார் 70 டிகிரியில் அவை தானாக மூடிக்கொள்ள வேண்டும். வெளித் தீக்கு அது சரி. ஆனால் உள்ளே பேட்டரியின் ஒரு செல் தெர்மல் ரன்அவேக்குப் போனால், அதாவது கட்டுக்கடங்காமல் தானே சூடேறத் தொடங்கினால், ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஃப்ளோரைடு கலந்த புகை பீறிடும், போக வழி இருக்காது. அழுத்தம் ஏறிக் கதவு பிய்த்துக்கொள்ளும். காற்றில் 4 சதவீதம் இருந்தாலே ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். அதே கராஜில் பெட்ரோல் ஜெட் ஸ்கீயும் நிற்கிறது என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் விடிஎம்ஏ 24994 என்ற ஜெர்மன் தரம் போல, உள்ளே பேட்டரியை எரித்துச் சோதித்த கேபினெட்டை மட்டுமே பரிந்துரைக்கிறோம். சோதனை அறிக்கையை வாங்கி, எவ்வளவு பெரிய பேட்டரி பேக்கை எரித்தார்கள் என்று பாருங்கள். ஈ-ஃபாயில் பேக் ஒன்றே ஏறக்குறைய 2 கிலோவாட் மணி வரும். டிரில் பேட்டரியை வைத்து வாங்கிய சான்றிதழ் இதற்குப் போதாது.

கேபினெட்டிலிருந்து புகையை வெளியேற்றும் புகைக்குழாய் திறந்த டெக்கில் முடிய வேண்டும், ஏசி காற்று இழுக்கும் இடத்துக்கும் தப்பிக்கும் வழிக்கும் தள்ளி. கேபினெட்டைப் படகின் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். சக்கரம் வைத்த மாடல் வேண்டவே வேண்டாம். உள்ளிருக்கும் டிடெக்டர் சார்ஜருக்குப் போகும் மின்சாரத்தை அறுத்து, படகை ஓட்டும் அறையான பிரிட்ஜிலும் அலாரம் அடிக்க வேண்டும். கராஜுக்குள் மட்டும் கூவுகிற அலாரம் நள்ளிரவில் யார் காதிலும் விழாது. கதவைத் திறக்காமலே தண்ணீர்க் குழாயை மாட்ட வெளியே இணைப்பு இருந்தால் அந்த மாடலுக்கே எங்கள் ஓட்டு. பவுடரும் கார்பன் டை ஆக்சைடும் சுடரை அடக்கும், செல்லைக் குளிர்விக்காது. பல மணி நேரம் கழித்துக்கூட மறுபடி பற்றும்.

தீப்போர்வையை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். மூடிய கராஜில் அது சுடரை மறைத்துவிட்டு, எரியக்கூடிய வாயுவைச் சேர விடும்.

கெட்டுப்போன பேக்கை எந்த கேபினெட்டும் சரிசெய்யாது. உள்ளே கசிந்த உப்புத் தண்ணீர் மெல்ல அரித்து, ஓட்டி முடித்துப் பல நாள் கழித்துக்கூட ஷார்ட் ஆக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, ஓடு உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். சூடு ஆறிய பிறகே சார்ஜரில் போடுங்கள், ஆள் விழித்திருக்கும்போது மட்டும். சும்மா வைக்கும்போது 30 முதல் 50 சதவீதம் சார்ஜ் போதும். கீழே விழுந்த பேக்கை மற்றவற்றோடு சேர்க்காமல் திறந்த டெக்கில் தனியே வையுங்கள்.

பிரிட்டனின் கடல்சார் முகமை இதற்கென்றே எம்ஜிஎன் 681 என்ற வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. விற்பனையாளரிடம் பேசும் முன் படித்துவிடுங்கள். டெக்கில் நிழலான, காற்றோட்டமான இடம் இருக்கிறவர்கள் பேக்குகளை அங்கேயே வைத்து சார்ஜ் செய்யலாம். கராஜைத் தவிர வேறு இடமே இல்லாதவர்களுக்குத்தான் இந்த கேபினெட், அதுவும் புகைக்குழாயோடு.